மாதச் சந்தா இணைய விளையாட்டு

மாதச் சந்தா இணைய விளையாட்டு என்பது, மாதந்தோறும் ஒரு நிலையான தொகையைச் செலுத்துவோர் மட்டும் ஆடக்கூடிய, பலர் பங்கேற்கும் இணையவழிக் கணினி விளையாட்டு ஆகும். இவ்விளையாட்டுகளின் உலகம் நிறுவனத்தின் வழங்கிகளில் இடைவிடாது இயங்குகிறது. வழங்கிகள், பராமரிப்பு, புதிய பகுதிகளின் உருவாக்கம் ஆகியவற்றுக்கான தொடர் செலவை ஈடுகட்ட இம்முறை தோன்றியது. ஆடுபவர் பெறுவது சேவையே, பொருள் அன்று. வழங்கி நிறுத்தப்பட்டால் அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்தவையும் மறைந்துவிடும்.

வரலாறு

1997 இல் வெளியான அல்டிமா ஆன்லைன் மாதத்திற்கு 9.95 அமெரிக்க டாலர் பெற்றது. 2004 இல் வெளியான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 14.99 டாலர் பெற்றது. அதன் சந்தாதாரர் எண்ணிக்கை 2010 அக்டோபரில் 1.2 கோடியைத் தாண்டி, 2015 செப்டம்பரில் 55 இலட்சமாகக் குறைந்தது. இதற்கிடையில் பல விளையாட்டுகள் சந்தாவைக் கைவிட்டன. லார்டு ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன் 2010 இலும், ஸ்டார் வார்ஸ்: த ஓல்டு ரிபப்ளிக் 2012 இலும் இலவசமாக ஆடும் வழியைத் திறந்தன. மாறாக, 2010 இல் தோல்வியுற்ற ஃபைனல் ஃபேன்டசி 14, முற்றிலும் திருத்தப்பட்டு 2013 இல் மீண்டும் சந்தா முறையிலேயே வெளியாகி நிலைபெற்றது.

நிலைப்புத் தன்மை

ஆடுபவரின் ஓய்வு நேரம் வரம்புடையது. எனவே ஒருவர் பெரும்பாலும் ஒன்றிரண்டு விளையாட்டுகளுக்கு மேல் சந்தா செலுத்துவதில்லை. மேலும், உடன் ஆடுவோர் விலகினால் எஞ்சியோருக்கு அதே தொகையின் பயன் குறைகிறது, அவர்களும் விலகுகின்றனர். ஆகவே பெரிய குழுக்களைத் தக்கவைத்து, புதிய பகுதிகளைத் தொடர்ந்து வெளியிடும் சில விளையாட்டுகளிலேயே இம்முறை நீடிக்கிறது.

இலவச விளையாட்டுகளில், பணம் செலுத்தாதோரும் உலகை நிரப்புகின்றனர். வருவாயோ பொருள் வாங்கும் சிலரிடமிருந்து கிடைக்கிறது. ஆயினும் அங்கும் செலவு உண்டு. சந்தா அனைவருக்கும் ஒன்றே. அதன் அளவும் முன்பே தெரியும். பொருள் விற்பனையில் செலவுக்கு எல்லை இல்லை. பணம் உள்ளவர் கூடுதல் வலிமை பெறவும் கூடும். உள்ளே இருப்பது தெரியாமல் பணம் கொடுத்து வாங்கும் பரிசுப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018 இல் சூதாட்டம் என வகைப்படுத்தியது.

இந்தியாவில்

2000களில் இந்தியாவில் கடன் அட்டை வைத்திருந்தோர் குறைவு. பலர் இணைய மையங்களிலேயே ஆடினர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனத்தின் ஐ-வே மையங்கள் அவற்றுள் ஒரு வகை. அங்கு நேரக் கணக்கில் கட்டணம் செலுத்தியவருக்கு மாதச் சந்தா இரண்டாவது செலவாயிற்று. பின்னர்த் திறன்பேசிகள் பரவியபோது, பப்ஜி மொபைல் போன்ற இலவச விளையாட்டுகளே பெருவழக்காயின. இவ்வாறு சந்தா முறை இங்கு பரவலாக வேரூன்றவில்லை.

2021 அக்டோபர் 1 முதல், அட்டைவழித் தொடர் கட்டணங்களுக்கு முன்பதிவையும் முன்னறிவிப்பையும் இந்திய ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. 2025 இல் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. பந்தயமாக அமையாத சந்தாக் கட்டணத்தை அனுமதித்தது.