தெரிந்தவர் பெயரில் வந்த கடிதம்: அருட்தந்தை ஸ்டான் சுவாமியின் கணினி சொல்லும் வரலாறு



போன வாரம் சோனகர் தெருவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். "பிள்ளையின்ர கம்பியூட்டர் சரியான ஸ்லோ, ஒருக்காப் பாருங்கோ சேர்" என்றார்கள். காசுக்கு வாங்க வேண்டிய ஒரு விளையாட்டை மகன் 'கிராக்' பிரதியாக இறக்கியிருந்தார். அதோடு யாரும் கேட்காத மூன்று நான்கு மென்பொருட்களும் வந்து குந்தியிருந்தன. அதே கணினியில்தான் காணி உறுதிகளின் ஸ்கான் பிரதிகளும் அடையாள அட்டைகளும் மீள்குடியேற்றப் படிவங்களும் இருந்தன. 1990 ஒக்டோபர் 30 இல், இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட எங்களுக்கு ஒரு கடதாசியின் பெறுமதியை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் கடதாசிகள் இப்போது கணினிக்குள் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

உளவு மென்பொருள் என்பது எங்களுக்குத் தெரியாமல் கணினிக்குள் இருந்துகொண்டு, நாங்கள் தட்டும் எழுத்துகளையும் கடவுச்சொற்களையும் கோப்புகளையும் வேறொருவருக்கு அனுப்பும் நிரல். சில வகைகள் எடுத்துக்கொண்டு போவதோடு நிற்பதில்லை. புதிய கோப்புகளை உள்ளே கொண்டுவந்தும் வைக்கும். இந்த இரண்டாவது வேலைதான் பயங்கரமானது.

2009 மார்ச்சில் கனடாவின் ரொறன்ரோ ஆய்வாளர்கள் 'கோஸ்ட்நெட்' என்ற உளவு வலையமைப்பைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளில் தொடங்கிய விசாரணை, 103 நாடுகளில் 1,295 கணினிகள் தொற்றுக்குள்ளானதைக் கண்டுபிடித்தது. தூதரகங்களும் அவற்றில் இருந்தன. உள்ளே நுழைந்த வழி மிகச் சாதாரணமானது. தெரிந்தவர் அனுப்பியதுபோல ஒரு மின்னஞ்சல், அதில் ஓர் இணைப்பு. திறந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் பீமா கோரேகான் வழக்கில் 16 பேர் கைதானார்கள். அவர்களில் ஒருவரான ரோனா வில்சனின் கணினிப் பிரதியை, சட்டத்தரணிகளின் வேண்டுகோளின்படி அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 பெப்ரவரியில் வெளிவந்த அறிக்கையின்படி, 2016 ஜூன் 13 அன்று கவிஞர் வரவர ராவின் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சலை நம்பி அவர் ஒரு கோப்பைத் திறந்திருக்கிறார். ஆனால் அந்தக் கணக்கை இயக்கியவர் வேறொருவர். நெட்வயர் என்ற உளவு மென்பொருள் உள்ளே போனது. 22 மாதங்கள் அந்தக் கணினி இன்னொருவரின் பிடியில் இருந்தது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமான கடிதங்கள் ஒரு மறைவான கோப்புறையில் வைக்கப்பட்டன. அவற்றில் சில, அவருடைய கணினியில் இல்லாத புதிய வேர்ட் பதிப்பில் தயாரிக்கப்பட்டிருந்தன.

அதே வழக்கில் கைதானவர்தான் அருட்தந்தை ஸ்டான் சுவாமி. திருச்சி மாவட்டத்தில் பிறந்த தமிழர். ஜார்க்கண்டின் பழங்குடி மக்களோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்த இயேசு சபைத் துறவி. 2020 ஒக்டோபர் 8 அன்று கைதானபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழாய் வேண்டுமென்று சிறையிலிருந்து நீதிமன்றத்தைக் கேட்க வேண்டி வந்தது. 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே இறந்துபோனார்.

அவருடைய கணினி பற்றிய ஆர்சனல் அறிக்கை 2022 டிசம்பரில்தான் வந்தது. 2014 ஒக்டோபரிலிருந்து பொலிஸார் கணினியைக் கைப்பற்றிய 2019 ஜூன் 12 வரை அதற்குள் ஊடுருவல் இருந்தது என்றும், 40க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து வைக்கப்பட்டன என்றும், அவற்றை அவர் திறந்ததற்கான தடயமே இல்லை என்றும் அது சொன்னது. கைப்பற்றுவதற்கு முதல் நாள் இரவு, ஊடுருவியவர் தடயங்களை அழிக்க முயன்றிருக்கிறார். அரச தரப்பு இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. ஊடுருவியவர் யார் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆனால் அருட்தந்தைக்கு அந்தத் தீர்ப்பு இனி எதற்கு?

எங்கள் நாட்டில் அஹ்னாப் ஜஸீம் என்ற ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். ஒரு தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். நிரபராதி என்று விடுதலையாக 2023 டிசம்பர் ஆனது. தானே எழுதி, அச்சிட்டு வெளியிட்ட நூலுக்கே விளக்கம் சொல்லி முடிக்க மூன்றரை வருடம். தான் எழுதாத, கண்ணாலும் காணாத ஒரு கோப்புக்கு ஒருவர் என்ன விளக்கம் சொல்வார்?

எங்களைப் போன்ற சாதாரண மக்களைப் பெரும்பாலும் தேடி வருவது காசுக் களவுதான். ஆனால் வாசல் ஒன்றுதான். அதை அடைக்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1. எதிர்பாராமல் ஒரு கோப்போ இணைப்போ வந்தால், தெரிந்தவர் அனுப்பியிருந்தாலும், திறக்க முதல் போன் எடுத்துக் கேளுங்கள். அதே மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ கேட்டுப் பயனில்லை. கணக்கு களவுபோயிருந்தால் "ஓம், நான்தான்" என்று பதில் போடுவதும் கள்ளன்தான்.

2. கிராக் மென்பொருள் வேண்டாம். அதைப் போடும்போது வைரஸ் கார்டை நிறுத்தச் சொல்வார்கள். காவலாளியை வெளியே அனுப்பச் சொல்பவர் யார் என்று யோசியுங்கள்.

3. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பாடசாலைக் கணினிகளையும் பாருங்கள்.

4. மின்னஞ்சலுக்கும் வட்ஸ்அப்புக்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். போனுக்கு வரும் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

5. உறுதி, அடையாள அட்டைப் பிரதிகளை ஒரு தனிப் பென்ட்ரைவில் போட்டுக் கழற்றி வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் கணினியில் வைக்க வேண்டாம்.

6. சந்தேகம் வந்தால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். வழக்கு, முறைப்பாடு என்று போகக்கூடிய விடயமென்றால் அவசரப்பட்டு போர்மட் செய்யாதீர்கள். தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 இல் அழைக்கலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைவது குற்றம்.

சூரா அல்ஹுஜுராத்தை நாங்கள் எல்லோரும் ஓதியிருக்கிறோம். பிறரைத் துருவி உளவு பார்ப்பதைத் தடுக்கும் அதே அத்தியாயம், வந்த செய்தியை விசாரித்துத் தெளிவு பெறும்படியும் சொல்கிறது. முதலாவதை மற்றவர்கள் மீறும்போது எங்களைக் காப்பது இரண்டாவதுதான்.

அந்த வீட்டுக் கணினியைத் துப்புரவாக்கி, உறுதிப் பிரதிகளை வேறாக எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். உங்கள் வீட்டுக் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று இன்று இரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருக்காப் பாருங்கள். பிரயோசனம் என்று நினைத்தால் மற்றவர்களுக்கும் பகிருங்கள்.