சமையல் மேடை எழுந்த கதை

வீடு கட்டுபவர்களும் பழைய ஃபிளாட்டைப் புதுப்பிப்பவர்களும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஸார், சமையல் மேடைக்கு எந்தக் கல் போடலாம்?" பி.எஸ்ஸி.யில் ரசாயனம் படித்தவன் என்பதைத் தவிர இதற்குப் பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனால் பதில் தேடப்போய், இந்த மேடை எப்படி வந்தது என்ற சரித்திரமே சுவாரஸ்யமாக இருந்ததால் நம் அங்கத்தினர்களோடு அதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

மும்பை அன்பர்கள் இதை 'ஓட்டா' என்பார்கள். டெல்லியில் 'ஸ்லாப்'. பெங்களூரில் 'கட்டே'. என் பாட்டியின் அடுக்களையில் இவற்றில் எதுவும் கிடையாது. தரையோடு தரையாக மண் அடுப்பு, அதன் பக்கத்திலேயே கொடியடுப்பு, காப்பிக்கும் பாலுக்கும் ஒரு கும்முட்டி. நறுக்குவது, அரைப்பது, கிளறுவது, இறக்குவது எல்லாம் உட்கார்ந்தபடிதான். தினமும் விடியற்காலையில் அடுப்பைச் சாணியிட்டு மெழுகிக் கோலம் போட்ட பிறகே நெருப்பு மூட்டுவார்கள்.

இப்படித் தரையில் அமர்ந்து சமைத்ததற்கு மடி ஆசாரம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மறுபாதி பௌதிகம். விறகுப் புகை சூடானது, ஆகையால் மேலே எழும்பி, கூரையின் கீழ் ஒரு படலமாகத் தங்கும். அந்த அடுக்களையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு நிமிஷத்தில் கண் எரிந்து வெளியே ஓடிவர வேண்டும். தரைக்கு அருகில்தான் மூச்சு விடக்கூடிய காற்று. விறகைத் தள்ளுவது, ஊதுகுழலால் ஊதுவது, தணலை வெளியே இழுப்பது ஆகிய வேலைகளும் தாழ்ந்த இடத்தில்தான் சுலபம். ஆக, எரிபொருள் மாறாதவரை மேடைக்கு வேலையே இல்லை.

எரிபொருள் மாறியது 1955-ல். அந்த வருஷம்தான் பர்மா ஷெல் கம்பெனி பம்பாயில் சமையல் எரிவாயுவை விற்க ஆரம்பித்தது. 'பர்ஷேன்' என்ற பெயர் மாதுங்காவாசிகளில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1965 அக்டோபரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 'இண்டேன்' முதல் இணைப்பைக் கல்கத்தாவில் கொடுத்தது. பிறகு மற்ற நகரங்களிலும் பெயரைப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த கதையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

சிலிண்டர் வீட்டுக்கு வந்தபோது அதோடு ஒரு விதியும் வந்தது. சிலிண்டரைத் தரையில் நிமிர்த்தி வைக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில், தீப்பற்றாத மேடைமீது இருக்க வேண்டும். காரணம் எளிது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் புகையைப் போல மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவித் தேங்கும். நெருப்பு தரையில் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. புகை மேலே போனதால் நம் பாட்டிமார் கீழே உட்கார்ந்தார்கள். வாயு கீழே தங்குவதால் நம் அம்மாக்கள் எழுந்து நின்றார்கள். அடுக்களையில் நடந்த அவ்வளவு பெரிய மாறுதலுக்குக் காரணம் இந்த ஒரு பௌதிக வித்தியாசம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாறுதல் சண்டையில்லாமல் வந்துவிடவில்லை. எங்கள் வீட்டில் 1974-ல் கேஸ் வந்தபோது பாட்டி, "நின்னுண்டு சமைக்கறதாவது! பத்து ஏது, பாத்திரம் ஏதுன்னு தெரியாம போயிடும்" என்று ஒரு மாதம் கும்முட்டியை விடவில்லை. தரையென்றால் சாதம் வைத்த இடத்தைத் துடைத்துச் சாணி தெளித்து பத்துப் போக்கலாம். மேடையில் சாதமும் பாலும் தயிரும் ஒரே கல்லில்தானே இருக்கும் என்பது அவள் கவலை. கடைசியில் மேடையின் ஒரு கோடியைப் பாலுக்கென்று ஒதுக்கிச் சமாதானம் செய்துகொண்டாள். மூட்டுவலியால் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த என் அம்மாவோ வாயைத் திறக்காமல் முதல் நாளே மேடையில் சமைக்கத் தொடங்கிவிட்டாள்.

சரி, கல்லுக்கு வருவோம். ஆரம்ப கால மேடைகள் செங்கல் கட்டி, சிமெண்ட் பூசி, சிலர் வீட்டில் சிவப்புச் சாயம் கலந்து மெருகிட்டவை. வசதியுள்ள இடங்களில் மொசைக். தென்னாட்டில் இவற்றை ஓரங்கட்டியது கடப்பா கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், கடப்பா, கர்நூல் பாறை அடுக்குகளைப் பற்றி 1872-லேயே விரிவான அறிக்கை எழுதியிருக்கிறார். 'அடுக்குகள்' என்ற சொல்தான் இங்கே முக்கியம். அந்தச் சுண்ணாம்புப் பாறை புஸ்தகத்தின் பக்கங்கள் போல அடுக்கடுக்காகப் படிந்தது. உளியும் கடப்பாரையும் கொண்டே பலகை பலகையாகப் பிரித்துவிடலாம், பெரிய இயந்திரம் தேவையில்லை. ஆகவே விலை மலிவு. வடக்கே கோட்டா கல்லும் குல்பர்கா பக்கத்து ஷாஹாபாத் கல்லும் பரவியதற்கும் இதே காரணம்தான்.

ஆனால் இவை மூன்றும் சுண்ணாம்புக் கற்கள், அதாவது கால்சியம் கார்பனேட். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். அமிலம் பட்டால் கார்பனேட் கரையும் என்பது பள்ளிக்கூடத்திலேயே செய்துபார்த்த பரிசோதனை. கறுப்புக் கடப்பா மேடையில் வெளுத்த திட்டுகள் விழுவது இதனால்தான். தேங்காயெண்ணெய் தடவி அதை மறைப்பது நம் வீடுகளில் வழக்கம்.

இவ்வளவும் தெரிந்த நானே ஏமாந்தேன். 1992-ல் டெல்லியில் எங்களுக்கு வாய்த்த ஃபிளாட்டில், ராஜஸ்தான் பக்கத்தில் இருப்பதால் சலவைக்கல் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வெள்ளைப் பலகை வாங்கிப் போட்டேன். மக்ரானா சலவைக்கல் தாஜ்மஹாலுக்கும் விக்டோரியா மெமோரியலுக்கும் பொருந்தும், அங்கே யாரும் ரசத்துக்குப் புளி கரைப்பதில்லை. சலவைக்கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான். ஆறே மாதத்தில் மேடையெங்கும் வட்ட வட்டமாக மங்கல். மஞ்சள் கறை தனி. "கெமிஸ்ட்ரி படிச்சவர் வாங்கின கல்" என்று வருகிறவர்களிடமெல்லாம் மனைவி காட்டுவாள்.

கிரானைட் நம் அடுக்களைக்குப் புதிதல்ல. அம்மியும் ஆட்டுக்கல்லும் பெரும்பாலும் அந்த வகைக் கருங்கல்தானே! புளி, எலுமிச்சை எதற்கும் அசையாது. சலவைக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 3, கிரானைட் 6-லிருந்து 7. கத்தி கீறாது. அப்படியானால் மேடைக்கு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? அதற்குக் கடப்பா போன்ற அடுக்குகள் கிடையாது. ஆப்பு வைத்துப் பிளந்து தூண் செய்யலாம், முக்கால் அங்குலப் பலகை எடுக்க முடியாது. 1955-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செயற்கை வைரம் செய்ததாக அறிவித்தது. அதன்பின் வைரத்தூள் பதித்த அறுவைத் தகடுகள் படிப்படியாக மலிந்தன. 1980-களிலும் 90-களிலும் ஏற்றுமதிக்காகத் தென்னாட்டில் அறுவை ஆலைகள் பெருகி, பிறகு உள்ளூர்க் கடைக்கும் பலகை வந்தது. இன்றும் பல வீடுகளில் அடியில் தாங்குவது பழைய கடப்பா, மேலே மினுக்குவது கிரானைட்!

இந்த வியாபாரத்தில் பெயர்களை நம்பக்கூடாது. 'காஷ்மீர் ஒயிட்' என்பது மதுரைப் பக்கத்துக் கல். 'பிளாக் கிரானைட்' என்று விற்கும் திண்டிவனத்தை அடுத்த குன்னம் கல்லும், ஆந்திராவின் சீமகுர்த்தி 'பிளாக் கேலக்ஸி'யும் புவியியல்படி கிரானைட்டே அல்ல, வேறு வகை எரிமலைக் குழம்புப் பாறைகள். அவற்றில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. இது ஏன் முக்கியம் என்பதை இனி சொல்கிறேன்.

இப்போது கடைகளில் முன்வரிசையில் நிற்பது 'குவார்ட்ஸ்' எனப்படும் செயற்கைக் கல். குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது. இத்தாலியின் பிரெட்டன் நிறுவனத்தின் தொழில்நுட்பம். கறை பிடிக்காது, வெள்ளை வெளேரென்று இருக்கும். சூடான வாணலியை நேரே வைத்தால் மட்டும் பிசின் கெடும். உபயோகிப்பவருக்கு வேறு கெடுதல் இல்லை. கெடுதல் அதை அறுப்பவருக்கு. கிரானைட்டில் சிலிக்கா படிகம் பெரும்பாலும் நூற்றுக்கு 20 முதல் 45 பங்கு. செயற்கைக் கல்லில் அது 90-ஐயும் தாண்டக்கூடும். உலர்ந்தபடி அறுத்தால் கிளம்பும் நுண்தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. அதுதான் சிலிக்கோஸிஸ், குணப்படுத்த மருந்து இல்லை. இந்த நோய் நமக்குப் புதிதல்ல. கோலார் தங்கச் சுரங்கத்தில் 1934-லேயே கண்டறியப்பட்டது. நெடுநாள் சுரங்கத்தில் உழைத்தவர்களின் நோய் என்றிருந்தது, செயற்கைக் கல் அறுப்பவர்களுக்கும் வருவதை இஸ்ரேல் மருத்துவர்கள் 2012-ல் எழுதினார்கள். 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

என் வெள்ளை மேடையை 2006-ல் மாற்றினேன். கிரானைட் வாங்கினேன், சரியான கல்தான். ஆனால் ஸிங்க்குக்கான பள்ளத்தை ஒரு பையன் எங்கள் பால்கனியில் உட்கார்ந்து கைமெஷினால் அறுத்தான். இருபது வயது இருக்கும். மூக்கில் ஒரு கைக்குட்டை. புருவம், தலைமயிர் எல்லாம் வெள்ளை. தூசி உள்ளே வருகிறதென்று நான் செய்தது என்ன தெரியுமா? பால்கனிக் கதவைச் சாத்தினேன். அவன் வெளியே, நான் உள்ளே. ஆஸ்திரேலியச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கதவுதான்.

ஆகவே இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. குவார்ட்ஸ் வேண்டாம். குன்னம் மாதிரி கறுப்புக் கல் நல்லது, புளிக்கும் எண்ணெய்க்கும் அது தாங்கும், அறுப்பவருக்கும் தூளில் சிலிக்கா குறைவு. சாயம் பூசிய கல்லும் நடமாடுகிறது, ஆகையால் நகப்பூச்சு அகற்றும் அஸிடோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். உயரம் சமைப்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே. ஸிங்க், அடுப்பு அளவுகளை அட்டையில் வெட்டிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். அங்கே தண்ணீர் ஊற்றி அறுக்கும் மெஷின் இருக்கிறதா என்று முதலில் நேரில் பாருங்கள். கூலி கொஞ்சம் கூடும், இரண்டு நாள் தாமதமும் ஆகும். வீட்டில் வந்து அறுக்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.