கல் பங்களாப் பண்ணை

பச்சைமலையில் குடியேறிய மலையாளி மக்களின் கதையைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். காஞ்சியை விட்டுக் கிளம்பிய அண்ணன் தம்பிகள் கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன்மலை என்று ஆளுக்கொரு மலையைப் பிடித்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. எந்தக் கச்சேரியிலும் பதிவாகாத குடியேற்றம் அது. ஆனாலும் வண்ணாட்டிலும் கோம்பை நாட்டிலும் இன்றும் அந்தச் சந்ததிதான் மரவள்ளி போடுகிறது. நீலகிரியிலோ ஒரு மாவட்டக் கலெக்டரே குடும்பத்தோடு மலையேறிப் பண்ணை வைத்தார். அந்தப் பண்ணை இன்று இல்லை. 1827-ல் லூஷிங்டன் கவர்னராக வந்ததும் ஜான் சல்லிவனுக்கும் அவருக்கும் மூண்ட சண்டைதான் இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்த விஷயம். அதற்கு முன், அந்தச் சண்டையில் சல்லிவன் எதை இழந்தார் என்பது தெரிய வேண்டும்.

கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் 1819-ல் மலையேறினார். கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் முதல் பங்களா. பிறகு உதகையில் 1822-ல் தொடங்கிய கல் வீடு. மலைமக்கள் வாயில் அது ‘கல் பங்களா’. மனைவி ஹென்ரியட்டா அங்கே வந்து குடித்தனம் நடத்தினார். உதகையைச் சல்லிவன் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். தோடர் எருமை மேய்த்த, படகர் ஏர் ஓட்டிய மலையை யார் புதிதாகக் கண்டுபிடிப்பது? ஆனால் விவசாயி என்ற முறையில் சல்லிவனுக்கு ஈடாக அந்தக் காலத்துக் கம்பெனி அதிகாரி ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஜான்ஸ்டன். அவர் கையில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பார்லி, ஆப்பிள், பீச் எல்லாம் மலை மண்ணில் வேர்பிடித்தன. குன்னூர் மலைப்பாதை அப்போது கிடையாது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாக ஏறும் பாதையை மக்பர்சன் 1823-ல்தான் முடித்தார். விதையும் நாற்றும் அந்த வழியாகத்தான் மேலே போயின. படகர்கள் புதுப்பயிரைப் பார்த்தார்கள், பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள். உருளைக்கிழங்கு அவர்கள் பயிராகவே ஆகிவிட்டது.

உதகை ஏரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று படகு விடும் அந்த ஏரி, 1823 முதல் 1825 வரை சல்லிவன் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு உண்டாக்கியது. அழகுக்காகவோ உல்லாசத்துக்காகவோ அல்ல. மழைக்காலத் தண்ணீரைத் தேக்கி, கோடையில் திறந்துவிட்டால் கீழே பவானிப் பாசனத்துக்கு உதவும் என்பது அவர் கணக்கு. கொங்குச் சீமையின் வறட்சியைப் பார்த்த கலெக்டரின் கணக்கு. அந்தத் தண்ணீரின் வழியை நினைத்துப் பாருங்கள். சாண்டிநல்லா, மோயாறு, பவானி என்று இறங்கி, கூடுதுறையில் காவிரியில் கலந்து, முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றிவரும் நீர் அது! மலை உச்சியில் குடியிருந்துகொண்டு சமவெளி உழவனை நினைத்தவர் என்பதால்தான் சல்லிவன் எனக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார். அவர் கட்டிய ஏரி இன்றைய ஏரியைவிடப் பெரியது. பின்னாளில் ஒரு பகுதியைத் தூர்த்துவிட்டார்கள். பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அந்தத் தரையில்தான் எழுந்தன.

1826-ல் கவர்னர் மன்றோ கல் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்தார். காலை ஏழு மணிக்குக் கனத்த மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, பேனா பிடிக்க முடியாதபடி விரல் விறைக்கிறது என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே சீதளம் இல்லாத பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். அவர் நாற்காலிக்கு வந்தவர்தான் லூஷிங்டன். ஆம், கட்டபொம்மன் காலத்தில் நெல்லைச் சீமைப் பாளையங்களுக்குக் கலெக்டராக இருந்த அதே லூஷிங்டன். நிலத்தில் குடிகளுக்கு உள்ள உரிமையை அவர் எப்படிப் பார்ப்பார் என்பது பாஞ்சாலங்குறிச்சிக் கதை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல.

மலை தோடர்களுக்குச் சொந்தம், எடுத்தால் பணம் கொடுக்க வேண்டும் என்றார் சல்லிவன். தாமே ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து வாங்கினார். அந்த விலை அநியாயக் குறைவு. மற்ற ஐரோப்பியர்களைவிட மிக அதிக நிலத்தை அவர் வளைத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தோடருக்கு உரிமை உண்டு என்று அரசாங்க ஏட்டில் வாதாடியவர் அவர். லூஷிங்டன் 1830-ல் மலையின் பெரும்பகுதியை மலபார் கலெக்டரிடம் ஒப்படைத்து, கேத்தியில் சர்க்காரின் சோதனைப் பண்ணையையும் தொடங்கினார். அது 1836-ல் மூடப்பட்டது.

1838-ல் சல்லிவனின் மனைவியும் மகள் ஹாரியட்டும் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவர் கல்லறையும் உதகை செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் இருக்கிறது. 1841-ல் மீதிப் பிள்ளைகளோடு அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கல் பங்களா சர்க்கார் கட்டடமாகி, 1955 முதல் அரசு கலைக் கல்லூரியாக இருக்கிறது. லூஷிங்டனோடு நடந்த அந்த வழக்காடலை அடுத்த வாரம் முழுதாக எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)