பெட்டியும் கையும்: இந்தியப் பள்ளிகளில் முதலுதவிப் பயிற்சியின் வரலாறு

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 45ஆம் பிரிவில் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியேனும் இருக்க வேண்டும் என்று விதித்தது. அத்துடன் அது நிற்கவில்லை. ஒவ்வொரு பெட்டியும், மாநில அரசு ஏற்ற முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். வேலை நேரம் முழுவதும் அவர் எளிதில் கிடைப்பவராக இருக்க வேண்டும் என்றும் கூறியது. 61 ஆண்டுகளுக்குப் பின் வந்த கல்வி உரிமைச் சட்டம் (2009), ஒரு பள்ளியில் இருக்க வேண்டியவற்றை அட்டவணையிட்டது. ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், மதிய உணவுச் சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர், நூலகம் ஆகியவை அதில் உண்டு. முதலுதவிப் பெட்டி இல்லை. முதலுதவி அறிந்த ஆளும் இல்லை. முதலுதவியும் பள்ளி நலமும் இந்தியாவுக்குள் வெவ்வேறு வாசல்கள் வழியாக நுழைந்தவை என்பதை நோக்கினால் இந்த வேறுபாட்டின் காரணம் புலப்படும்.

மருத்துவர் அல்லாதவருக்கு முதலுதவி கற்பிக்கும் முறையான முயற்சி, 1877இல் இங்கிலாந்தில் தோன்றிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தோடு வேரூன்றியது. இராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்டு 1878இல் உல்விச்சில் பொதுமக்களுக்கு வகுப்பெடுத்தார். மறு ஆண்டு ஜனவரியில் இசாண்டல்வானா போரில் மடிந்தார். அவருடைய பாடக் குறிப்புகள் கையேடாயின. இரயில்வே ஊழியரும் சுரங்கத் தொழிலாளரும் காவலரும் அவ்வகுப்புகளுக்கு வந்தனர். காலனிய ஆட்சியின் வழியே அந்தப் பயிற்சி இந்தியாவை அடைந்தபோதும் இரயில்வே, காவல்துறை, படை, ஆலை ஆகியவையே அதன் இயல்பான களங்களாயின. பள்ளிக்குள் அது சாரணர் இயக்கத்தின் மூலமும் பின்னர் தேசிய மாணவர் படையின் மூலமும் நுழைந்தது. அதாவது, கட்டுப் போடக் கற்றவர் சீருடை அணிந்த மாணவர். அவருக்குப் பொறுப்பான பணியாளர் அதைக் கற்றாக வேண்டும் என்ற கட்டாயம் எழவில்லை.

பள்ளி நலத்தின் வரலாறு வேறு. 1909இல் பரோடாவில் பள்ளி மாணவருக்கான மருத்துவப் பரிசோதனை தொடங்கியது. 1946இல் போர் குழு, நாட்டில் பள்ளி நலப் பணி ஏறத்தாழ இல்லை என்ற நிலையைப் பதிவு செய்தது. 1960இல் ரேணுகா ராய் தலைமையில் பள்ளி நலக் குழு அமைந்தது. ஊட்டக் குறைவு, கண், பல், தொற்றுநோய் ஆகியவையே இம்மரபின் முதன்மைக் கவலைகள். குழந்தை மரணம் மிகுந்திருந்த காலத்தில் அந்த முன்னுரிமையில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பரிசோதனை என்பது மருத்துவர் வரும் நாளுக்கு உரியது. விபத்து அந்த நாளைப் பார்த்து வருவதில்லை. பள்ளியில் காயமுறும் குழந்தைக்கு முதலுதவி செய்வது ஆசிரியரின் பொறுப்பு, அதற்கு அவர் பயிற்சி பெற வேண்டும் என்று சமூக மருத்துவப் பாடநூல்கள் எழுதின. மருத்துவ மாணவர் படித்த அந்த வரி, கல்வி உரிமைச் சட்டத்தின் வரியாகவில்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தவை பேரழிவுகள். 1995 டிசம்பரில் ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி விழாப் பந்தல் எரிந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் அஞ்சாரில், குடியரசு நாள் ஊர்வலம் சென்ற பள்ளிப் பிள்ளைகள் நிலநடுக்க இடிபாடுகளில் புதைந்தனர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கிரையாயினர். கும்பகோணத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையின் பகுதியே என உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் கட்டளைகளைக் கூர்ந்து படித்தல் தகும். முதலுதவிப் பெட்டியும் மருந்தும் பள்ளிகளில் இருக்க வேண்டும் என்பது, தீயணைப்புக் கருவிகளோடு ஒரு தலைப்பில் வருகிறது. ஆசிரியருக்கும் பிற பணியாளருக்குமான பயிற்சி மற்றொரு தலைப்பில் வருகிறது. அங்கு அழுத்தம் பெறுபவை தீப் பாதுகாப்பும் அவசர வெளியேற்றமும். பெட்டி கட்டாயமாயிற்று, அதைத் திறக்கும் கையின் பயிற்சி வெளிப்படப் பேசப்படவில்லை.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் வரை, இத்துறையின் முதன்மைச் சட்டகம் பேரிடரே. 2020இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக்க முனைந்தது. அதன் 11 கருப்பொருள்களில் ஒன்றில் மட்டுமே காயங்கள் இடம்பெறுகின்றன. பள்ளியின் அன்றாடமோ வலிப்பு, தொண்டையில் சிக்கிய உணவு, எலும்பு முறிவு, சமையலறைக் கொதிநீர், பாம்புக்கடி ஆகியவற்றால் ஆனது. 2019 நவம்பரில் கேரளத்தின் வயநாட்டில் வகுப்பறையிலேயே பாம்பு கடித்து ஒரு மாணவி இறந்தபோது, மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதில் நேர்ந்ததாகக் கூறப்பட்ட தாமதமே மாநிலம் முழுவதும் விவாதிக்கப்பட்டது.

முதலுதவி அறிவுக்கு ஆயுள் உண்டு என்பதும் வரலாறு தரும் பாடம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாம்பு கடித்த இடத்தைக் கீறிப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தேய்க்கும் முறையை லெனார்டு ராஜர்ஸ் முதலிய வல்லுநரே பரிந்துரைத்தனர். இன்று கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு எனப்படுகின்றன. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே நெறி. மூச்சு மீட்பில் 1903இல் ஷேஃபர் முறை, 1932இல் ஹோல்கர் நீல்சன் முறை, 1960இல் மார்பை அழுத்தி இதய ஓட்டத்தைக் காக்கும் முறை என ஒன்றையொன்று விலக்கி வந்தன. ஆகவே பணியில் சேர்ந்தபோது ஒருமுறை கற்றது ஓய்வு பெறும்வரை போதாது.

தொட்டால் பழி வருமோ என்ற ஆசிரியரின் அச்சமும் கருதத்தக்கது. நல்லெண்ணத்தோடு ஒருவர் நன்மைக்காகச் செய்த செயலுக்கு, இசைவு பெறும் நிலை இல்லாதபோது, 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 92ஆம் பிரிவில் சில வரம்புகளுடன் காப்பளித்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு அதைத் தொடர்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவோ சாலை விபத்தில் உதவுவோருக்கு மட்டுமே உரியது. பயிற்சி வகுப்பில் கட்டுத்துணியோடு இச்சட்ட அறிவும் சேர்ந்தால் தயக்கம் குறையும்.

பள்ளிப் பணியாளர் என்போர் ஆசிரியர் மட்டுமல்லர். அடுப்பருகே நிற்பவர் சமையலர். வண்டியில் உடன் வருபவர் உதவியாளர். திடலில் முதலில் ஓடி வருபவர் காவலாளியாகவும் இருக்கலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைக்குச் சொன்னது எளிது: இன்ன பெட்டிக்கு இன்னார் பொறுப்பு, அவர் கற்றவராக இருக்க வேண்டும், அவர் அங்கே இருக்க வேண்டும். இந்த மூன்றையும் பள்ளிக்குச் சொல்லும் சட்ட வரி ஒன்று எழுதப்பட்டால், ஆலைத் தொழிலாளி 1948இலேயே பெற்ற காப்பைப் பள்ளிக் குழந்தையும் பெறும்.