மலையில் எங்கே தங்குவது?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வீட்டிலே பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த முறை எங்கே போகிறோம்?" என்பதுதான். குளிர்ந்த மலைக்குப் போகலாம், காட்டுப் பாதையில் நடக்கலாம், அருவியில் கால் நனைக்கலாம் என்று முடிவு செய்கிறோம். அடுத்தபடியாக, எந்த மலைக்குப் போவது, அங்கே எந்த இடத்தில் தங்குவது என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை தேட வரலாறு நமக்கு உதவும். நம் நாட்டின் மலை வாசத் தலங்கள் தற்செயலாக உண்டானவை அல்ல. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணத்திற்காகத் தேர்ந்தெடுத்தார்.

நம் நாட்டில் கோடைகாலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுந்தான். அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் இந்த வெக்கையால் தளர்ந்தார்கள். சீமைக்குப் போய்வரக் கப்பல் பயணத்திற்கே பல வாரங்கள் பிடிக்கும். ஆகவே குளிரை உள்ளூரிலேயே தேடினார்கள். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை குறையும். ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 பாகை குறைந்துவிடும். மலை வாசத் தலங்களின் இரகசியம் இவ்வளவே.

முதலில் பினாங்கைப் பார்ப்போம். பிரான்சிஸ் லைட் 1786-இல் அத்தீவில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே கொடிமலைக்குப் பாதை வெட்டப்பட்டது. அந்நாளில் மேலே போக மட்டக்குதிரை வேண்டும், அல்லது ஆட்கள் தோளில் சுமக்கும் டோலி வேண்டும். 1923-இல் மலை இரயில் ஓடத் தொடங்கிய பிறகே சாதாரண மக்களும் எளிதாக ஏற முடிந்தது. உச்சியில் நம் மக்களின் முருகன் கோயிலும் இருக்கிறது. காலையில் ஏறி மாலையில் இறங்கிவிட விரும்பும் குடும்பத்துக்குக் கொடிமலை ஏற்றது.

தைப்பிங் நகருக்கு மேலே உள்ள மலை 1884-இல் ஓய்வுத் தலமாயிற்று. வில்லியம் எட்வர்ட் மெக்ஸ்வெல் என்ற அதிகாரியின் பெயரால் மெக்ஸ்வெல் மலை என்று வழங்கிய அது, 1979-இல் புக்கிட் லாருட் என்று பெயர் மாறியது. தைப்பிங் மழைக்குப் பெயர் போன ஊர் என்பதை அங்கே போகிறவர்கள் மறக்கக்கூடாது.

பிரேசர் மலையின் கதை வேறு. லூயி ஜேம்ஸ் பிரேசர் என்பவர் அங்கே ஈயத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். பின்னர் அவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. 1917-இல் சிங்கப்பூர் பிஷப் ஒருவர் அவரைத் தேடி மலை ஏறினார். ஆளைக் காணவில்லை. ஆனால் அந்த இடம் ஓய்வுக்கு ஏற்றது என்று அவர் அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்னார். 1922-இல் அது திறக்கப்பட்டது. அங்குள்ள காட்டுப் பாதைகளுள் ஒன்று இன்றும் பிஷப் பாதை என்றே வழங்குகிறது. அவசரகாலத்தில், 1951 அக்டோபர் 6-ஆம் நாள், அந்த மலைக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி வழியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அம்மலை பறவை பார்ப்பவர்களின் அமைதியான இடம். கடைத்தெருவின் கலகலப்பை நாடும் பிள்ளைகளுக்கு அங்கே அதிகம் இல்லை.

இனி, நமக்கு மிகவும் நெருக்கமான கேமரன் மலைக்கு வருவோம். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். ஆனாலும் நாற்பது ஆண்டுகள் காடு காடாகவே இருந்தது. காடு என்றால் ஆளில்லாத காடு அல்ல, செமாய் பூர்வகுடி மக்களின் இருப்பிடம் அது. 1925-இல் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் வேலை தொடங்கிற்று. இவர், தைப்பிங் மலைக்குப் பெயர் தந்த மெக்ஸ்வெலின் மகன். தாப்பாவிலிருந்து மலைச்சாலை வெட்டப்பட்டு 1930-களின் தொடக்கத்தில் போக்குவரத்துக்கு வந்தது. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்.

சாலைக்குத் திட்டம் போட்டவர்களின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. அந்தச் சரிவுகளில் காடழித்துத் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்த நம் பாட்டன் பாட்டிமார் பெயர்கள் இல்லை. துரைமார் குடும்பங்கள் பங்களாவில் கணப்பு மூட்டிக் குளிர்காய்ந்தபோது, நம்மவர்கள் விடியற்காலைப் பனியிலே கூடை சுமந்து மலைச்சரிவில் நின்றார்கள். அந்த மலை அவர்களுக்கு வேலைத்தலம், ஓய்வுத்தலம் அன்று. ஆகவே ஒரு தோட்டத் தொழிலாளியின் குடும்பம் இன்று அங்கே விடுமுறைக்குப் போவது வெறும் ஆடம்பரம் ஆகாது. முன்னோர் உழைத்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் கடமையும் அதில் அடங்கும்.

அங்கே எந்த ஊரில் தங்குவது? தாப்பாவிலிருந்து ஏறும்போது முதலில் வருவது ரிங்லெட். உயரம் குறைவு, குளிரும் குறைவு. கைக்குழந்தையும் முதியோரும் இருந்தால் நல்லது. ஆனால் நடைபாதைகளுக்குத் தொலைவு. அடுத்தது தானா ராத்தா. மலாய் மொழியில் சமநிலம் என்று பொருள். ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இப்படிச் சமநிலம் கிடைப்பது அரிது. அதனாலேயே அங்கு ஊர் எழுந்தது. மருத்துவமனையும் பேருந்து நிலையமும் தமிழ்ப்பள்ளியும் அங்கே உண்டு. பாரிட் அருவி, ராபின்சன் அருவி ஆகியவற்றுக்கு எண் போட்ட பாதைகள் ஊரின் பக்கத்திலேயே தொடங்குகின்றன. கார் இல்லாத, நடக்க விரும்பும் குடும்பத்துக்குத் தானா ராத்தாவே பொருத்தம் என்பது நம் கருத்து. இன்னும் மேலே இருப்பது பிரிஞ்சாங். குளிர் அதிகம், காய்கறித் தோட்டங்களுக்கும், 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் சிகரத்துக்கும் அருகே இருக்கிறது. விடுமுறை நாட்களில் வாகன நெரிசலும் அங்கேதான் அதிகம்.

வரலாறு எச்சரிக்கையும் தருகிறது. 1967 மார்ச் 26-ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெயர் பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், தானா ராத்தாவில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து தனியாக வெளியே நடந்தார். போலீசாரும் இராணுவத்தினரும் பூர்வகுடியினரும் காட்டைச் சலித்தும் அவரைக் காணவில்லை. ஆகவே யாரும் தனியே நடக்க வேண்டாம். எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டே புறப்படவேண்டும்.

2013 அக்டோபரில் கனமழையின்போது ரிங்லெட் அருகே அணை நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. மலைகளைத் தாறுமாறாக வெட்டியதால் மண் இறங்கி ஏரி தூர்ந்ததும் அதற்குத் துணை போயிற்று. ஆகவே ஆற்றங்கரையிலோ புதிதாக வெட்டிய சரிவின் அடியிலோ உள்ள விடுதி, வாடகை குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஆண்டுக் கடைசி மாதங்களின் அடைமழையையும் தவிர்ப்பது நல்லது.

நேயர்களே, அன்று துரைமார் ஒரு மலையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்டவை நான்கு கேள்விகள்: குளிர் போதுமா? நல்ல தண்ணீர் உண்டா? சாலை வருமா? சமநிலம் இருக்கிறதா? நாமும் அவற்றையே கேட்போம். ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம்: இந்த மலையை உருவாக்கியவர்கள் யார்? தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நடக்கும்போது பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக்கொண்டே நடப்போம்.