ஃப்ரிட்ஜில் முள் முளைக்கும் ரத்த அணுக்கள்... ‘ஃப்ரெஷ் ரத்தம்’தான் வேணுமா?

‘அவசரம்! ஓ பாசிட்டிவ், 2 யூனிட். ஃப்ரெஷ் ரத்தம்தான் வேணும். ஷேர் பண்ணுங்க ப்ளீஸ்.’

உங்க வாட்ஸ்அப் குரூப்பிலும் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கும். ரத்தம் வேணும்ங்கிறது புரியுது. அது என்ன ‘ஃப்ரெஷ்’? பால் பாக்கெட் மாதிரி ரத்தமும் பழசாகுமா?

ஆகும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். பைக்குள் இருக்கும் சிவப்பணு தன் உருவத்தையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும்.

முதல்ல, ஆரோக்கியமான சிவப்பணு எப்படி இருக்கும்னு பார்த்துடலாம். ஓட்டை போடாத மெதுவடையை நினைச்சுக்கோங்க. நடுவில் இரண்டு பக்கமும் அமுங்கியிருக்கும். குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டர் இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அணுக்களை வரிசையாக வைக்கலாம். அந்த அமுங்கலில்தான் விஷயமே இருக்கு. அதே கொள்ளளவு உள்ள ஓர் உருண்டையைவிட இந்த வடிவத்துக்கு மேல்தோல் சுமார் 40 சதவிகிதம் அதிகம். லூஸான சட்டை போட்ட ஆள் எப்படி வேண்டுமானாலும் குனிஞ்சு வளையலாம் இல்லையா, அதுபோல இந்த அணுவும் மடங்கி, நீண்டு, தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களுக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும்.

நீங்கள் தானம் செய்த ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரித்து, 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். கலக்கும் திரவத்தைப் பொறுத்து 35 நாள் அல்லது 42 நாள் வரை அதைப் பயன்படுத்தலாம். அந்தத் திரவத்தில் இருக்கும் குளுக்கோஸ்தான் அணுவுக்குச் சாப்பாடு. சாப்பிட்டால் கழிவு வருமே? லாக்டிக் அமிலம் வரும். உடம்பில் என்றால் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். பைக்குள் யார் இருக்கிறார்கள்? அமிலம் தேங்கத் தேங்க, அணு தனக்கான ஆற்றலை உருவாக்கும் வேகம் குறைகிறது. குளிரில் அதன் சுவரிலுள்ள ‘பம்ப்’களும் முடங்கிப்போவதால், உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது.

இந்தக் கட்டத்தில்தான் வடையின் ஓரத்தில் முட்கள் கிளம்பும். பிறகு உடம்பு முழுக்க முள்ளாகி, குட்டிப் பலாப்பழம் மாதிரி ஆகிவிடும். இதற்கு ‘எக்கினோசைட்’ என்று பெயர். கிரேக்க மொழியில் ‘எக்கினோஸ்’ என்றால் முள்ளெலி. பயப்பட வேண்டாம். இந்த நிலையில் இருக்கும் பல அணுக்கள், திரும்ப உடம்புக்குள் போய் ஆற்றல் கிடைத்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

அடுத்த கட்டம்தான் சிக்கல். முட்களின் நுனி சின்னச் சின்னக் கொப்புளங்களாகக் கழன்று விழும். ஒவ்வொரு கொப்புளமும் கொஞ்சம் மேல்தோலை எடுத்துக்கொண்டு போகிறது. லூஸ் சட்டை டைட் சட்டையாகி, கடைசியில் அணு உருண்டையாகிவிடும். உருண்டையால் வளைய முடியாது. போன தோல் திரும்பியும் வராது. இப்படிப்பட்ட அணு நோயாளியின் உடம்புக்குள் போனால், மண்ணீரலின் குறுகலான இடுக்குகளில் மாட்டிக்கொள்ளும். அங்கேயே அதைப் பிடித்து அழித்துவிடுவார்கள், நம் உடம்பின் காவலர்கள்.

சரி, அப்போ பழைய ரத்தம் வேஸ்ட்டா? இல்லை. 35, 42 நாள் கெடுவே இதை வைத்துத்தான் முடிவானது. ரத்தம் ஏற்றி 24 மணி நேரம் கழித்தும், சராசரியாக 75 சதவிகித அணுக்களாவது ரத்த ஓட்டத்தில் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். ஆக்ஸிஜனைத் திசுக்களிடம் விட்டுக்கொடுக்க உதவும் ‘டி.பி.ஜி’ என்ற பொருள், இரண்டு வாரத்தில் பைக்குள் கிட்டத்தட்டக் காலியாகிவிடும். ஆனால், உடம்புக்குள் போன ஓரிரு நாளில் மறுபடி ஊறிவிடும்.

நோயாளிகளை வைத்தே இதைச் சோதித்துவிட்டார்கள். தீவிர சிகிச்சையில் இருந்தவர்களிடம் செய்த ‘ஏபிள்’ ஆய்வு 2015-லும், 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த ‘இன்ஃபார்ம்’ ஆய்வு 2016-லும் வெளிவந்தன. புது ரத்தம் பெற்றவர்களுக்கும் பழைய ரத்தம் பெற்றவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் இவ்வளவு மாற்றம் தெரிந்தும், வார்டில் வித்தியாசம் தெரியவில்லை என்பது எனக்கு இன்னமும் ஆச்சர்யம்தான்.

விதிவிலக்குகள் உண்டு. பச்சிளம் குழந்தைக்கு மொத்தமாக ரத்தம் மாற்றும்போது, கசிந்த பொட்டாசியம் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் புது ரத்தமே தேடுவார்கள். வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளுக்கும், ஏற்றும் ரத்தம் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க வேண்டுமென்று இரண்டு வாரத்துக்குள் எடுத்ததையே விரும்புவார்கள். இதையெல்லாம் டாக்டரே கேட்டு வாங்கிவிடுவார்.

‘எங்க அண்ணன் இங்கேயே இருக்கான், சுடச்சுட அவன் ரத்தத்தையே ஏத்துங்க’ என்று சண்டை போடுபவர்களும் உண்டு. எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா சோதனைகள் முடியாமல் எந்த ரத்தத்தையும் ஏற்றக் கூடாது. தவிர, நெருங்கிய சொந்தத்தின் புது ரத்தத்தில் உயிரோடிருக்கும் வெள்ளையணுக்கள், அரிதாக நோயாளியின் உடம்பையே தாக்கி உயிருக்கு ஆபத்தாகலாம். கதிர்வீச்சு கொடுத்துத்தான் அதைத் தடுக்க வேண்டும். பாசத்தைக் காட்ட வேறு வழி நிறைய இருக்கு பாஸ்.

இன்னொரு விஷயம். ஹீரோ பிறந்தநாள், தலைவர் பிறந்தநாள் என்று ஒரே நாளில் குவியும் ரத்தத்துக்கும் இதே 42 நாள்தான் கெடு. அதற்குப் பிறகு வரும் நோயாளிக்கு அது உதவாது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். 18 வயது ஆகியிருக்கணும், எடை 45 கிலோவாவது இருக்கணும், ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். கிளம்புவதற்கு முன், பக்கத்து ரத்த வங்கிக்கு போன் போட்டு ‘இப்போ எது குறைவா இருக்கு?’ன்னு கேளுங்க. பல நேரம் தட்டணு என்று பதில் வரலாம். சிவப்பணுவுக்காவது ஒரு மாசத்துக்கு மேல் டைம் இருக்கு, தட்டணுவை 5 நாள்தான் வைத்திருக்க முடியும்.