பீரி ரயீஸ்: கடல் வீரர் ஒருவர் தீட்டிய வரலாறு

கடலோடிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் கரையில் இருந்தவர்களே எழுதினர். அரசவை அறிஞர்களும் வணிகர்களும் எழுதி வைத்தவற்றைக் கொண்டே கடற்போர்களையும் கப்பல் தலைவர்களையும் நாம் அறிகிறோம். கப்பலில் பணியாற்றிக்கொண்டே, தமக்கு முன் கடலில் உழைத்தவர்களின் அனுபவத்தைத் தம் கையாலேயே வரைந்தும் எழுதியும் வைத்தவர்கள் மிகச் சிலர். அவர்களுள் முதன்மையானவர் உஸ்மானியக் கடற்படையைச் சேர்ந்த பீரி ரயீஸ் ஆவார். 'ரயீஸ்' என்பது கப்பல் தலைவரைக் குறிக்கும் பட்டம்.

கலிபோலி என்னும் துறைமுக நகரைச் சேர்ந்த இவர், இளமையிலேயே தம் தந்தையின் உடன்பிறந்தாரான கமால் ரயீஸின் கப்பலில் ஏறினார். 1492இல் கிரானடா வீழ்ந்த காலத்தில், ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களையும் யூதர்களையும் கப்பல்களில் ஏற்றிக் கரை சேர்த்தவர் என்று கமால் ரயீஸ் போற்றப்படுகிறார். 1495இல் இருவரும் சுல்தான் இரண்டாம் பாயஸீதின் கடற்படையில் சேர்ந்தனர். வெனிஸ் நாட்டுடன் நடந்த போர்களில் பீரி ரயீஸ் தனிக் கப்பலுக்குத் தலைமை தாங்கினார். 1511ஆம் ஆண்டளவில் புயலில் கப்பல் மூழ்கிக் கமால் ரயீஸ் மறைந்தார். அதன்பின் கலிபோலிக்குத் திரும்பிய பீரி ரயீஸ் வரைபடப் பணியைத் தொடங்கினார்.

ஹிஜ்ரி 919 முஹர்ரம் மாதத்தில், அதாவது 1513இல், பதப்படுத்திய தோலில் அவர் ஓர் உலக வரைபடத்தைத் தீட்டி முடித்தார். கரைகளும் தீவுகளும் மட்டுமன்றி மலைகள், ஆறுகள், கப்பல்கள், கிளிகள், விலங்குகள், திசைகாட்டி வட்டங்கள் ஆகியவையும் அதில் வண்ணங்களில் மிளிர்கின்றன. கடல் வீரரின் அறிவும் ஓவியரின் கைத்திறனும் ஒன்றுசேர்ந்த படைப்பு அது. அதில் தம்மை ஹாஜி முஹம்மதின் மகன் என்றும், கமால் ரயீஸின் உடன்பிறந்தார் மகன் என்றும் அவர் குறித்துள்ளார். கடலில் தமக்கு ஆசானாய் இருந்தவரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே அவர் உலகுக்கு விட்டுச் சென்றார்.

அவருடைய நேர்மை நம்மை மேலும் வியக்கச் செய்கிறது. ஏறத்தாழ இருபது பழைய வரைபடங்களை ஒப்பிட்டே இதனை வரைந்ததாக அவர் வரைபடத்திலேயே எழுதியுள்ளார். தாலமி மரபு வரைபடங்கள், அரபியர் வரைந்த ஹிந்து நாட்டு வரைபடம், போர்த்துக்கீசியரின் புதிய வரைபடங்கள், கொலம்பஸின் வரைபடம் ஆகியவற்றை அவர் சுட்டுகிறார். கொலம்பஸுடன் மும்முறை பயணம் செய்து, பின்னர் கமால் ரயீஸிடம் சிறைப்பட்ட ஸ்பானியர் ஒருவர் கூறிய செய்திகளையும் மறைக்காமல் குறிப்பிடுகிறார். அறிவு எவரிடமிருந்து வந்தாலும், பகைவரிடமிருந்தே வந்தாலும், அதன் உரியவரைச் சொல்லும் பண்பு இது. 1517இல் எகிப்தில் சுல்தான் முதலாம் ஸலீமிடம் இவ்வரைபடத்தை அவர் வழங்கினார்.

அடுத்து அவர் இயற்றியது 'கிதாபே பஹ்ரிய்யா' என்னும் கடல் நூல். 1521இல் முதல் வடிவமும், 1526இல் விரிந்த வடிவமும் நிறைவுற்றன. விரிந்த வடிவில் 200க்கும் மேற்பட்ட வரைபடங்கள் உள்ளன. மத்தியதரைக் கடலின் துறைமுகங்கள், குடிநீர் கிடைக்கும் இடங்கள், நங்கூரமிடத்தக்க விரிகுடாக்கள் யாவும் அதில் விளக்கப்பட்டுள்ளன. மணல் திட்டுகளைச் செம்புள்ளிகளாலும், நீரில் மறைந்த பாறைகளைச் சிலுவைக் குறிகளாலும் காட்டினார். பின்வரும் மாலுமிகளின் உயிரைக் காக்கும் குறிகள் அவை. கமால் ரயீஸுடன் வட ஆப்பிரிக்கக் கரைகளில் கழித்த நாள்களின் நினைவுகளும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன.

இத்துணைச் சேவை செய்தவரின் முடிவு துயரமானது. 1552இல் முதிய வயதில் சூயஸிலிருந்து கப்பற்படையுடன் புறப்பட்டு, போர்த்துக்கீசியரிடமிருந்து மஸ்கட்டைக் கைப்பற்றினார். ஹுர்முஸ் கோட்டையை முற்றுகையிட்டும் அதனை வெல்ல இயலவில்லை. படையின் பெரும்பகுதியைப் பஸராவில் விட்டுவிட்டுச் சில கப்பல்களுடன் திரும்பியது குற்றமாகக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டளவில் கெய்ரோவில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அரசு அவரைத் தண்டித்தது. ஆயினும் அவருடைய நூலைக் கைவிடவில்லை. அதன் கையெழுத்துப் படிகள் இஸ்தான்புல்லிலும் ஐரோப்பிய நூலகங்களிலும் இன்றும் உள்ளன.

1513ஆம் ஆண்டு வரைபடமோ நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. தோப்காபி அரண்மனை அருங்காட்சியகமாக மாற்றப்பட்டபோது, 1929இல் அது கண்டெடுக்கப்பட்டது. பனி மூடாத அண்டார்டிகாவை அது காட்டுகிறது என்று சிலர் பரப்பிய கூற்றை வரைபட வரலாற்று அறிஞர்கள் ஏற்பதில்லை. அத்தகைய மிகைப்படுத்தல் அவருக்குத் தேவையுமில்லை. உழைத்துத் திரட்டியதையும், யாரிடமிருந்து திரட்டினார் என்பதையும் உண்மையாகப் பதிந்ததே அவருடைய பெருமை.

கிடைத்திருப்பது அவ்வரைபடத்தின் மேற்குப் பகுதி மட்டுமே. இந்தியக் கரைகள் இருந்த பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. இவ்விழப்பு நம் கரையின் மற்றோர் இழப்பையும் நினைவூட்டுகிறது. பீரி ரயீஸ் வாழ்ந்த அதே காலத்தில், 1538இல், மண்டபத்தை அடுத்த வேதாளையில் மரக்காயர்களின் கப்பற்படை போர்த்துக்கீசியரிடம் தோல்வியுற்றது. அப்போரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் வென்றவர்களின் ஏடுகள் வழியாகவே. அக்கப்பல்களில் சென்றவர்களின் கையால் வரைந்த ஒரு படமேனும், எழுதிய ஒரு வரியேனும் நமக்குக் கிடைத்திருந்தால், அவ்வரலாறு வேறு குரலிலும் ஒலித்திருக்கும்.

நம் குடும்பங்களிலும் மரக்கலங்களிலும் கப்பல்களிலும் பணியாற்றிய பெரியவர்கள் இருந்திருக்கலாம். அவர்களுடைய கணக்கேடுகளும், அரபுத் தமிழ்க் கடிதங்களும், கப்பல் பணிச் சான்றுகளும் பழைய பெட்டிகளில் கிடந்தால் அவற்றைக் கரையானுக்கு விடாது காப்போம். முதியோர் சொல்லும் கடல் செய்திகளை, சொன்னவர் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைப்போம். தம் ஆசானின் பெயரை வரைபடத்தில் எழுதிய அந்த மாலுமி நமக்குக் காட்டிய வழி அதுவே.